விமானம் தரையிறங்கிய பிறகு எப்போது எழுவது, எப்படி இறங்குவது

சக்கரம் தரையைத் தொட்டதுமே பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழாதீர்கள். நிறுத்துமிடம் வரை விமானம் மெதுவாகத்தான் ஊரும். ஆனால் குறுக்கே வண்டி ஏதாவது வந்தால் விமானி சட்டென்று பிரேக் போடுவார். அப்போது நிற்பவர் விழுவார். தலைக்கு மேல் திறந்து கிடக்கும் பெட்டியிலிருந்து பை அடுத்தவர் மீது விழும்.

பெல்ட் விளக்கு அணைந்தாலும் கதவு உடனே திறக்காது. ஏணியோ இணைப்புப் பாலமோ வந்து பொருந்த வேண்டும். கதவைத் திறக்கும்போது அவசரகாலச் சறுக்குப் பாதை விரிந்துவிடாதபடி அதன் இணைப்பைப் பணியாளர்கள் விடுவித்திருக்க வேண்டும். அதுவரை நடைவழியில் முண்டியடித்து நிற்பதால் ஒரு நொடியும் மிச்சமாகாது.

கைபேசி, சார்ஜர், கண்ணாடி எல்லாவற்றையும் உட்கார்ந்தபடியே எடுத்து வையுங்கள். முன்வரிசை நகர்ந்ததும் எழுந்து, பையை இறக்கி, உடனே நடங்கள். உங்கள் பை பின்வரிசைப் பெட்டியில் இருந்தால் கூட்டத்தை எதிர்த்துப் போகாதீர்கள். எல்லோரும் இறங்கும்வரை இருக்கையிலேயே இருங்கள். ஏறும்போதே பையை உங்கள் வரிசையிலோ அதற்கு முன்னாலோ வைத்தால் இந்தச் சிக்கலே வராது.

அடுத்த விமானத்துக்கு நேரம் குறைவா? தரையிறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே பணியாளரிடம் சொல்லுங்கள். முன்னிருக்கை காலியாக இருந்தால் மாற்றித் தரக்கூடும். முன்னால் இருப்பவர்களிடமும் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலோர் வழிவிடுவார்கள்.

பெட்டி வரும் பெல்ட்டிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். உங்கள் பெட்டி கண்ணில் பட்டதும் முன்னே வந்து எடுங்கள். தள்ளுவண்டியைப் பெல்ட்டோடு ஒட்டி நிறுத்தினால் பின்னால் இருப்பவர் எட்டிக்கூட எடுக்க முடியாது.