கடலுக்கு முன் மலையில்: படகுப் பராமரிப்பு முதற்பாடம்

பாய்மரப் படகில் வாழும் ஆசை மலையகத்தில் இருப்பவருக்கும் வரும். வந்தால் படகு வாங்குவதற்கு முன் கையைப் பழக்குங்கள். நடுக்கடலில் கராஜ் கிடையாது. அதற்காக இப்போதே திருகோணமலைக்கு ஓட வேண்டியதில்லை. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் வள்ளங்கள் ஓடுகின்றன. தேயிலைத் தொழிற்சாலைகளில் கைதேர்ந்த பிட்டர்கள் இருக்கிறார்கள்.

முதலில் பைபர் (கண்ணாடியிழை) வேலை. பழைய பைபர் துண்டொன்றை எடுத்து, வேண்டுமென்றே உடையுங்கள். உடைந்த இடத்தைச் சுற்றிச் சரிவாகத் தேய்க்க வேண்டும். சரிவின் அகலம் தடிப்பைப் போல் பன்னிரண்டு மடங்கு: 3 மில்லிமீற்றர் தடிப்புக்கு 36 மில்லிமீற்றர். இங்கே சோம்பல்பட்டால் ஒட்டு பிடிக்காது. முகக்கவசம், கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். பிறகு அசிற்றோன் தொட்ட துணியால் துடைத்து நன்றாக உலர விடுங்கள்.

ஒட்டும் பிசினான பொலியெஸ்டர் ரெசின் 100 கிராமுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் ஒன்றரை முதல் 2 கிராம் போதும். இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் கரைசலைத் தனியாக வாங்கியிருந்தால் அதை முதலில் ரெசினில் முழுமையாகக் கலந்துவிட்டு, அதன் பின்னரே ஹார்ட்னரைச் சேருங்கள். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். இரண்டையும் ஒரே தட்டில்கூட வைக்காதீர்கள்.

நம் குளிர் இந்த வேலைக்கு நல்ல ஆசிரியர். 15 பாகை செல்சியசுக்குக் கீழே ரெசின் சரியாக இறுகாது. ஈரம் பட்டால் பிடிப்பும் கெடும். நுவரெலியாவில் காலை மூடுபனியில் தொடங்கினால் பொருள்தான் வீண். வெயில் ஏறியபின், கூரையின் கீழ் செய்யுங்கள். இறுகவில்லையே என்று ஹார்ட்னரை அள்ளி ஊற்றுவதைவிட இடத்தைச் சூடாக்குவதே சரி.

பைபர் மேட்டை (கண்ணாடியிழை விரிப்பை) ரெசின் தடவி அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கிலும் தூரிகையால் குத்திக் காற்றை வெளியேற்றுங்கள். வெள்ளையாக இருந்த மேட் ரெசின் ஊறியதும் கண்ணாடிபோல் தெளியும். வெண்புள்ளி தெரிந்தால் அங்கே காற்று நிற்கிறது. இறுகியபின் ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டிப் பாருங்கள். ‘டக்’ என்று கூர்மையாகக் கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் தேய்த்து மறுபடி செய்யுங்கள்; முதல் ஒட்டிலேயே யாருக்கும் கை வந்துவிடாது.

அடுத்து மோட்டார். பழைய இரண்டு ஸ்ட்ரோக் வெளியிணைப்பு மோட்டார் ஒன்று கிடைத்தால் பிட்டர் அண்ணன் ஒருவரிடம் உட்கார்ந்து கழற்றிப் பூட்டுங்கள். 50:1 கலவை கேட்கும் மோட்டாருக்கு 5 லீற்றர் பெற்றோலில் 100 மில்லிலீற்றர் எண்ணெய். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள், குளிர்விக்கும் நீரை உள்ளே இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். பீப்பாய்த் தண்ணீரில் அடிப்பகுதியை அமிழ்த்தி ஓட்டி, பக்கத்துத் துளையில் நீர் பீறிடுகிறதா என்று பாருங்கள். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. நீர் புகாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை மாற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருந்தால் சரி, கரி படிந்திருந்தால் கலவையைக் கவனியுங்கள்.

பற்றரி, கயிறு. முழுதாக ஏறிய 12 வோல்ட் பற்றரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். மல்டிமீற்றர் ஒன்று வாங்கிப் பழகுங்கள். இழுத்தாலும் சுருங்காத, பிறகு இலகுவாக அவிழும் கண்ணி முடிச்சை இருட்டிலும் போட வர வேண்டும்.

இவை கைவந்தபின் திருகோணமலைக்குப் போங்கள். அங்கே புதிதாகக் கற்க வேண்டியது உப்பை. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் மோட்டாரை நன்னீரில் கழுவி ஓட்டுங்கள். நன்னீர் மோட்டாரில் மக்னீசியம் அனோட் (மோட்டாருக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகத் துண்டு) இருந்தால், கடலில் இறக்குவதற்கு முன் அதைக் கழற்றிவிட்டுத் துத்தநாக அனோட் பூட்டுங்கள்.