விண்கல மாடலுக்கு விளக்கு: என் அனுபவம்

தஞ்சாவூர் வீட்டில் முதன்முதலாக ஒரு பிளாஸ்டிக் விண்கல மாடலுக்கு விளக்கு போட்டேன். 9 வோல்ட் பேட்டரி, மின்னோட்டத்தை மட்டுப்படுத்த 470 ஓம் ரெசிஸ்டர், ஒரு வெள்ளை எல்.ஈ.டி. எரிந்தது. ஆனால் சன்னல்கள் மட்டுமல்ல, உடம்பு முழுக்கவே ஒளிர்ந்தது. மனசு விட்டுப்போச்சு.

மெல்லிய பிளாஸ்டிக் வெளிச்சத்தைத் தடுக்காது. ஒட்டியதைப் பிரித்து, உள்பக்கம் கறுப்பு பெயிண்ட் இரண்டு கோட்டு அடித்தேன். காய்ந்ததும் அதன்மேல் வெள்ளை. கறுப்பு கசிவை அடைக்கும், வெள்ளை ஒளியைச் சிதறடித்து சன்னல்களுக்கு அனுப்பும். ஒட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

என்ஜின் வாயில் எல்.ஈ.டி. வெறும் புள்ளியாகத் தெரிந்தது. எங்கள் ஊரில் நெட்டியில் (நீர்ச்செடித் தண்டின் வெள்ளை, லேசான உள்சதை) கோயில் மாடல் செய்கிறவரிடம் ஒரு துண்டு நெட்டி வாங்கி, மெல்லிசாகச் சீவி முன்னால் வைத்தேன். பால்போலப் பரவியது! எல்.ஈ.டி. அவ்வளவாகச் சூடாகாததால்தான் இது சரி. குண்டு பல்புக்கு வேண்டாம்.