சேலத்து வீட்டுக்குக் கணினியா, கேம் கன்சோலா: ஒப்பிட்டு வாங்கும் முறை

சென்ற கோடையில் செவ்வாய்பேட்டையில் இருக்கும் என் அக்கா, பத்தாம் வகுப்பு முடித்த மகனுக்காக, டிவியில் இணைத்து விளையாடும் கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 ஒன்றை வாங்கிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து, வீட்டின் முன்கட்டில் நடக்கும் கொலுசுப் பட்டறையின் கணக்கை இனி டேலி என்ற கணக்கு மென்பொருளில்தான் வைக்க வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்திருந்த மகனும் வீட்டில் பழகுவதற்கு ஒரு கணினி கேட்டான். அவசரத்தில் தவணை முறையில் ஒரு மடிக்கணினி வந்து சேர்ந்தது. கன்சோலும் பழுதில்லாத பொருள், மடிக்கணினியும் பழுதில்லாத பொருள். ஆனால் இரண்டுக்குமாகச் செலவான தொகையை முதலிலேயே கூட்டிப் பார்த்திருந்தால் வேறு வழிகளும் கண்ணில் பட்டிருக்கும்.

அக்கா வீட்டுக் கணக்கிலிருந்து நான் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு கன்சோலையும் ஒரு கணினியையும் தனித்தனிப் பெட்டிகளாக எதிரெதிரே வைத்து ஒப்பிடுவதால் பயனில்லை. ஒன்றை வாங்கிய பிறகு வீட்டில் என்னென்ன இருக்கும், இன்னும் என்னென்ன வாங்க நேரும் என்ற மொத்தத் தொகுப்பை, மற்றொன்றை வாங்கினால் அமையும் மொத்தத் தொகுப்போடு ஒப்பிட வேண்டும்.

முதல் வேலையைக் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்துவிடலாம். ஒரு தாளில் வாரத்தின் ஏழு நாட்களையும் எழுதி, வீட்டில் யார் எந்த நேரத்தில் எந்த வேலைக்காகத் திரையின் முன் உட்காருவார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். குறிக்கும்போது எந்த வேலை எந்த இயங்குதளத்தை (விண்டோஸ், மேக், லினக்ஸ் போன்ற அடிப்படை மென்பொருளை) விட்டு நகராது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். டேலி விண்டோஸில் இயங்குவது. பத்திரிகை அடிக்கும் அச்சகங்களும் டிடிபி கடைகளும் இன்னும் வைத்திருக்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருக் கோப்புகளைத் தொடர்ந்து கையாள வேண்டுமானாலும் விண்டோஸ் கணினியே தொல்லை குறைந்த வழி. மாறாக, மேல்நிலை வகுப்பில் படிக்கும் சி++, பைத்தான் ஆகிய நிரல் மொழிகளுக்கு எந்தக் கணினியும் போதும்; லினக்ஸ் ஏற்றிய பழைய மடிக்கணினியிலும் அவை நன்றாக இயங்கும். தமிழில் தட்டச்சு செய்வதற்கும் இப்போது தடையில்லை. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கிடைக்கிறது. கன்சோலில் இந்த வேலைகள் எதற்கும் இடமில்லை என்பதால், தாளில் இவற்றில் ஒன்று இருந்தாலும் கன்சோலோடு ஒரு கணினியின் விலையையும் சேர்த்தே கூட்ட வேண்டும்.

அடுத்து விளையாட்டு. பிள்ளையிடம் "எந்தக் கன்சோல் வேண்டும்?" என்று கேட்காதீர்கள், "எந்த மூன்று கேம்களை, யாரோடு விளையாடப் போகிறாய்?" என்று கேளுங்கள். பாதி முடிவு அந்தப் பதிலிலேயே வந்துவிடும். நண்பர்கள் எல்லாரும் கணினியில் வேலரண்ட் ஆடுகிறார்கள் என்றால் விண்டோஸ் கணினிதான் தேவை. மேக்கிலும் லினக்ஸிலும் அது இயங்காது. பிஜிஎம்ஐ என்ற கைப்பேசி கேம் என்றால் கையில் இருக்கும் கைப்பேசியே தளம். அதற்காக ஐம்பதாயிரம் செலவழிக்கத் தேவையில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடும் கால்பந்து, கார்ப் பந்தயம் போன்றவற்றுக்குக் கன்சோல் மிகவும் பொருத்தம். சிறு குழந்தைகளுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் அருமையான கருவி என்றாலும், இங்கே விற்பவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. கையில் பிடித்து ஆடும் கேம் கணினியான ஸ்டீம் டெக்கும் அப்படித்தான். பழுதானால் உத்தரவாதம் செல்லுமா என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் இவ்விரண்டையும் வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

இப்போது பணக் கணக்கு. பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். ஐந்து ஆண்டுகளை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது, கேம் டிஸ்க் போட்டு ஆடும் வகையின் விலை 49,990 ரூபாய். பின்னர் அது 54,990 ஆக ஏறியது. முந்தைய தலைமுறைக் கன்சோல்கள் நாளாக ஆக விலை குறைந்ததைப் பார்த்தவர்கள் இப்போதும் காத்திருக்கிறார்கள், ஆனால் இந்தத் தலைமுறையில் அந்தக் காத்திருப்பு பலன் தரவில்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 2020 நவம்பரில் 34,990 ரூபாய்க்கு வந்தது. அதில் டிஸ்க் போடும் வழியே கிடையாது என்பதை மறக்கக் கூடாது.

டிஸ்க் ஏன் முக்கியம் என்பதைக் கணக்கு போட்டால் தெரியும். புதிதாக வரும் பெரிய கேம்கள் பல 4,999 ரூபாய் வரை விற்கின்றன. ஆண்டுக்கு மூன்று வாங்கினால் ஐந்தாண்டில் பதினைந்து. ஏறத்தாழ 75,000 ரூபாய், அதாவது கன்சோலின் விலையைவிட அதிகம். அதே கேமை யாரோ ஆடி முடித்த டிஸ்காக 2,000 ரூபாய்க்கு வாங்கி, முடித்தபின் 1,200 ரூபாய்க்கு விற்றுவிட்டதாக வைத்துக்கொண்டால், பதினைந்து கேம்களுக்கும் சேர்த்து 12,000 ரூபாய்தான் ஆகும். இந்த விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்களுக்குக் கிடைக்கும் விலையைப் போட்டுப் பாருங்கள், வேறுபாட்டின் திசை மாறாது. கணினியில் பழைய டிஸ்க் வியாபாரம் இல்லை. அதற்குப் பதிலாக, கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் விலை ரூபாயிலேயே இருக்கிறது, ஆண்டுக்குப் பலமுறை தள்ளுபடி வருகிறது, வாங்கிய 14 நாட்களுக்குள் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். எபிக் என்ற இன்னோர் இணையக் கடை கேம்களை இலவசமாகவே தருவதுண்டு. மேலும், விலை கொடுத்து வாங்கிய கேமைக் கன்சோலில் இணையம் வழியாகப் பிறரோடு ஆடப் பெரும்பாலும் சந்தா கட்ட வேண்டும். கணினியில் அதற்கென்று தனிச் சந்தா இல்லை. இந்த ஐந்து ஆண்டுச் சந்தாவையும் கன்சோல் பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள்.

இவ்வளவையும் கூட்டினால், கேம் ஆடக்கூடிய ஒரே கணினி மலிவு என்று பல வீடுகளில் விடை வரும். ஆனால் அந்த இடத்தில் நிறுத்திவிடாமல், முதலில் எழுதிய வாரத் தாளை மறுபடி பாருங்கள். மாலை ஏழு மணிக்கு அம்மா கணக்கு ஏற்றுவதும் மகன் விளையாடுவதும் மோதினால், ஒரே கணினி வீட்டில் தினசரிச் சண்டையை உண்டாக்கும். அக்கா வீட்டில் கடைசியில் அமைந்த கன்சோலும் சாதாரண மடிக்கணினியும் உண்மையில் அவர்களுக்குப் பொருத்தமான தொகுப்புதான். அதை முன்கூட்டியே தெரிந்து வாங்கியிருந்தால் தவணை வட்டி மிச்சமாகியிருக்கும், அவ்வளவே.

இணையத்தைப் பற்றி நாம் போதிய அளவு யோசிப்பதில்லை. இன்றைய பெரிய கேம் ஒன்று 100 ஜிபியைத் தாண்டுவது சாதாரணம். நொடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள ஃபைபர் இணைப்பில் அது இறங்க ஐந்தரை மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தை நம்பியிருந்தால், வேறெதற்கும் பயன்படுத்தாமலேயே 50 நாட்கள் ஆகும். வீட்டில் ஃபைபர் இல்லையென்றால் டிஸ்க் போடும் கன்சோல் ஓரளவு உதவும். ஆனாலும் டிஸ்க் போட்ட பின்னும் பல ஜிபி அளவுக்குப் புதுப்பிப்புகள் இறங்கும்.

மின்கட்டணத்தைப் பற்றிய பயம் பொதுவாக மிகையானது. சுமார் 200 வாட் இழுக்கும் கன்சோலை நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதக் கணக்கீட்டுக் காலத்தில் 24 யூனிட் ஆகும். 400 வாட் இழுக்கும் கேமிங் கணினிக்கு 48 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் போக, மேலே போகப் போக யூனிட் விலை ஏறும் முறை நம்முடையது என்பதால், ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் அந்த 48 யூனிட் உங்களை அடுத்த படிக்குத் தள்ளுமா என்று மட்டும் பழைய ரசீதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தில் நிஜமான சிக்கல் இன்வெர்ட்டர்தான். விலை குறைந்த சதுர அலை இன்வெர்ட்டர்கள் மின்விசிறிக்கும் விளக்குக்கும் போதும். கன்சோலுக்கும் கேமிங் கணினிக்கும் சைன் அலை இன்வெர்ட்டரே பாதுகாப்பானது. பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் முறை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டு வைத்தால் மின்சாரம் போகும் கணத்தில் மாற்றம் விரைவாக நடந்து, கணினி அணைந்து எழாமல் தொடர்ந்து ஓடும். கணக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது பாதியில் அணைந்த கணினி எவ்வளவு வேலை வைக்கும் என்பது பட்டபின்தான் தெரிகிறது. மடிக்கணினிக்கு இந்தக் கவலையே இல்லை, அதன் பேட்டரியே அதற்கு இன்வெர்ட்டர்.

சித்திரை, வைகாசியில் சேலத்தின் வெயிலும் தூசியும் எல்லாக் கருவிகளுக்கும் எதிரிகள். சூடு கூடினால் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே, கடையில் ஏசி அறையில் வேகமாக ஓடிய மெல்லிய கேமிங் மடிக்கணினி, மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையில் மதியம் திணறும். பெரிய பெட்டியும் பெரிய விசிறியும் உள்ள மேசைக் கணினி இந்த ஊருக்கு ஏற்றது. கன்சோலைக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் அடைக்காமல், நான்கு புறமும் குறைந்தது 10 செ.மீ. இடம் விட்டு வையுங்கள். விசிறியே இல்லாத ஆப்பிள் மடிக்கணினியான மேக்புக் ஏர் தூசி இருக்கும் இடத்தில் நிம்மதியானது. டேலியும் கேமும் தாளில் இல்லாத வீட்டுக்கு அதைத் தயங்காமல் சொல்வேன்.

ஏற்காட்டில் கணக்கு வேறு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் சூடு ஒரு பொருட்டில்லை. ஈரமும் மின்தடையும்தான் பொருட்டு. மழைக்காலத்தில் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரம் ஒன்று கம்பியில் விழுந்தால், சரிசெய்து முடியும் வரை மின்சாரம் இருக்காது. அங்கே நிரந்தரமாக வசிப்பவர்களுக்கு மடிக்கணினியே என் முதல் தேர்வு. விடுமுறைக்குக் கன்சோலை மேலே எடுத்துப் போவதானால் கேம்களையும் புதுப்பிப்புகளையும் சேலத்திலேயே இறக்கிவிடுங்கள். பிளேஸ்டேஷனின் பிரித்துச் சேர்க்கும் டிஸ்க் டிரைவை முதன்முறை இணைக்கவே இணையம் தேவைப்படும் என்பதால் அதையும் கீழேயே முடித்துவிடுங்கள். மலையின் குளிரில் இருந்த கருவியை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து புழுக்கத்துக்குள் கொண்டு வரும்போது உள்ளே ஈரம் படியக்கூடும். வீடு சேர்ந்ததும் பையைத் திறந்து வைத்து, ஓரிரு மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுங்கள்.

பழைய மடிக்கணினி வாங்குவோர் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கணினியின் மூளையான பிராசசரில் இன்டெல் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தையவையும் மிகப் பெரும்பாலும் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாதவை. வங்கி வேலையும் ஜிஎஸ்டி வேலையும் செய்யப்போகும் கணினி என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். புதியது வாங்கினால் ரேமை (தற்காலிக நினைவகத்தை) ஏற்றும் வசதி உண்டா, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு இன்னொரு இடம் உண்டா என்று கேளுங்கள். பழுது பார்க்கும் மையம் சேலத்திலேயே இருக்கிறதா, கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டுமா என்பதை விற்பவர் சொல்வதோடு விடாமல், அந்த மையத்தை நீங்களே தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்யுங்கள். பில் வாங்கும்போது பெட்டியின் மேல் இருக்கும் வரிசை எண் பில்லிலும் கருவியின் மேலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே சரிபார்த்து, மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.