கைக்குழந்தையின் பின்மண்டை தட்டையா? பெற்றோர் நாட்களைக் கோட்டை விடும் இடங்கள்

"வளர வளரச் சரியாகிடும், முடி வந்தா தெரியவே தெரியாது." குழந்தையின் பின்மண்டை ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறது என்று சொன்னதும் வீட்டில் வருகிற முதல் பதில் இதுதான். இதை முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. கனடாவின் கேல்கரி நகரில் 7 முதல் 12 வார வயதுள்ள 440 குழந்தைகளைப் பரிசோதித்தபோது, 46.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் தட்டை இருந்தது. பெரும்பாலும் லேசானவை. தலை நின்று, குப்புற விழுந்து, உட்காரத் தொடங்கியதும் இப்படிப்பட்டவை தாமாகவே தேறிவிடும். ஆனால் எது தேறும், எது தேறாது என்று யாரிடமும் காட்டாமல் காத்திருப்பதுதான் முதல் தவறு.

காரணம் மண்டை வளரும் வேகம். பிறக்கும்போது தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. முதல் 3 மாதம் மாதத்துக்கு ஏறத்தாழ 2 செ.மீ. கூடும். அடுத்த 3 மாதம் 1 செ.மீ. வீதம், அப்புறம் அரை செ.மீ. வீதம். படுக்கும் பக்கத்தை மாற்றுவதோ, தலை வடிவத்தைச் சீராக்கக் குழந்தைக்கு மாட்டும் ஹெல்மெட்டோ, எந்தச் சிகிச்சையும் செய்வது ஒன்றுதான்: இந்த வளர்ச்சியைத் தட்டையான பக்கம் போகவிடுவது. இரண்டாவது மாதத்தில் தலையைத் திருப்பிப் படுக்க வைத்தாலே ஆகிற காரியம் எட்டாவது மாதத்தில் ஆகாது. அந்த வயதுக் குழந்தை நாம் வைத்த பக்கத்தில் கிடப்பதும் இல்லை.

பார்க்கும் விதத்திலும் கோட்டை விடுகிறோம். எதிரில் நின்று முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. குளிப்பாட்டி முடித்து முடி ஈரமாக ஒட்டியிருக்கும்போது, ஒருவர் குழந்தையை மடியில் நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவர் நேர் மேலிருந்து உச்சியைப் பாருங்கள். இரண்டு காதும் நேராக இருக்கின்றனவா? ஒரே பக்கம் படுத்து வந்த தட்டையில், அந்தப் பக்கத்துக் காது முன்னால் தள்ளியிருக்கும், அதே பக்க நெற்றியும் சற்றுப் புடைத்திருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதே கோணத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் பிடிபடாது. தடுப்பூசிக்காக 6, 10, 14 வாரங்களில் எப்படியும் போகிறோம். ஊசி போட்டுக்கொண்டு அழுகிற குழந்தையோடு ஆட்டோ பிடிப்பதற்கு முன், அந்தப் போட்டோக்களைக் காட்டி தலையையும் கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கழுத்தை ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்றால், அதிகம் தவறிப்போவது அங்கேதான். கழுத்தின் பக்கவாட்டுத் தசை இறுகியிருந்தால் (மருத்துவர்கள் டார்டிகாலிஸ் என்பார்கள்) குழந்தையின் தலை ஒரு தோள் பக்கம் சாய்ந்து, முகம் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். "இவனுக்கு ஜன்னல் பக்கம்தான் பிடிக்கும்" என்று நாம் ரசித்துக்கொண்டிருப்போம். உண்மையில் அவனால் மறுபக்கம் திருப்ப முடியாமல் இருக்கலாம். ஒரு மார்பில் மட்டும் பால் குடிக்க மறுப்பதும் ஓர் அறிகுறி. பிசியோதெரபியை முதல் மாதத்திலேயே தொடங்கினால் சில வாரங்களில் சரியாகிவிடுகிறது. 6 மாதம் கழித்துத் தொடங்கினால் 9, 10 மாதங்கள்கூட ஆகலாம். கழுத்தைக் கவனிக்காமல் தலையை மட்டும் திருப்பித் திருப்பி வைத்தால், கை எடுத்த நொடியே குழந்தை பழைய பக்கத்துக்குப் போய்விடும்.

எல்லாத் தட்டையும் படுக்கையால் வருவதில்லை. சுமார் 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்றில் மண்டை எலும்புகளுக்கு இடையிலான இணைப்பு முன்கூட்டியே மூடிவிடுகிறது. பிறந்ததிலிருந்தே தலை கோணலாக இருந்தால், இணைப்பின் மேல் தடித்த வரப்பு கைக்குத் தட்டுப்பட்டால், தட்டையான பக்கத்துக் காது முன்னால் போகாமல் பின்னால் இழுத்திருந்தால், அல்லது தலை முன்பின்னாக நீண்டு குறுகினால், தாமதிக்காமல் குழந்தைகள் நரம்பியல் அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறு துளை வழியாகச் செய்யும் எண்டோஸ்கோப் அறுவை சிகிச்சைக்கு ஏற்ற வயது 3, 4 மாதம்தான். ரொம்பத் தாமதித்தால் பெரும்பாலும் பெரிய அறுவை சிகிச்சைதான் வழி. படுக்கையால் வரும் தட்டை மூளையை நெருக்குவதில்லை. இணைப்பு முன்கூட்டியே மூடுவது நெருக்கலாம்.

அடுத்தது கடுகுத் தலையணை. பாட்டிமார்களின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் இது வேண்டாம். கடைகளில் விற்கும் நடுவில் குழிவிட்ட தலையணைகளும் வேண்டாம். தலையைச் சீராக்கும் என்று விற்கும் தலையணைகளைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 நவம்பரில் எச்சரித்தது. மூச்சடைப்பு ஆபத்து ஒரு காரணம், பலன் நிரூபிக்கப்படாதது இன்னொன்று. குளிப்பாட்டும்போது தலையை அழுத்தி உருட்டுவதையும் விட்டுவிடுங்கள். எண்ணெய் தடவட்டும், உருட்ட வேண்டாம்.

தட்டைக்குப் பயந்து குப்புறத் தூங்க வைப்பது இதைவிட மோசம். தூக்கத்தில் திடீரென நிகழும் சிசு மரணத்தைத் தடுக்க, 1992-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்னது. அத்தகைய மரணங்கள் பெரிதும் குறைந்தன, தட்டைத் தலை கூடியது. அந்தக் கணக்கில் லாபம் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. தூங்கும்போது மல்லாக்கத்தான். விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்க, குப்புறப் போடுங்கள். முதல் வாரங்களில் நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 3 முதல் 5 நிமிடம். ஏழாவது வார வாக்கில் மொத்தம் 15 முதல் 30 நிமிடம் வரை கூட்டலாம். பாயில் அழுதால் உங்கள் நெஞ்சின் மேல் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் கணக்குதான். தூளியிலும் கார் சீட்டிலும் தலையைத் தாராளமாகத் திருப்ப இடமில்லை, அதில் கிடக்கும் நேரத்தைக் குறையுங்கள். தலைமாட்டையும் கால்மாட்டையும் தினம் மாற்றிப் படுக்க வைத்தால், வெளிச்சத்தையும் ஆட்களையும் பார்க்கக் குழந்தை தானே மறுபக்கம் திரும்பும்.

ஹெல்மெட் விஷயத்தில் இரண்டு விதமாகவும் தவறுகிறார்கள். லேசான தட்டைக்கே பதறி வாங்குகிறவர்கள் ஒரு பக்கம். நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், 2 வயதில் முழுமையாகத் தேறியவர்கள் ஹெல்மெட் போட்டவர்களில் 26 சதவீதம், போடாதவர்களில் 23 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மிகக் கடுமையான தட்டை உள்ளவர்களும் கழுத்து இறுக்கம் உள்ளவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அதை மேற்கோள் காட்டி "ஹெல்மெட்டே வீண்" என்பது அவசரம். மாதக்கணக்கில் பக்கம் மாற்றியும் பிசியோதெரபி செய்தும் தேறாத நடுத்தர, கடுமையான தட்டைக்கு மருத்துவர்கள் இன்றும் அதைப் பரிந்துரைக்கிறார்கள்.

மறுபக்கம், முதல் பிறந்தநாள் கொண்டாடிவிட்டு ஹெல்மெட் கேட்டு வருகிறவர்கள். அதற்குள் வளர்ச்சி வேகம் தணிந்துவிடுவதால் பலன் குறைவு. தொடங்க நல்ல வயது 4 முதல் 6 மாதம். குறைமாதக் குழந்தை என்றால் பிரசவத் தேதியாகக் குறித்துக் கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். போடுவது என்று முடிவானால் நாளைக்கு 23 மணி நேரம் போட வேண்டும், குளிப்பாட்டும்போது மட்டும் கழற்றலாம். நம் ஊர் வெயிலுக்கு வியர்வைதான் பெரிய தொல்லை. தினமும் உள்பக்கத்தைத் துடைத்துக் காய வையுங்கள். கழற்றி ஒரு மணி நேரம் ஆகியும் தோலில் சிவப்பு மறையவில்லை என்றால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் பொருத்தியவரிடம் கொண்டுபோய்ச் சரிசெய்துகொள்ளுங்கள்.