லோடு பேலன்சர் அமைப்போம்: ஒரு ஹெச்ஏபிராக்ஸி, இரண்டு வெப் சர்வர்

உபுண்டு நிறுவிய மூன்று இயந்திரங்கள் வேண்டும்; மெய்நிகர் இயந்திரங்களே போதும். 192.168.1.10 லோடு பேலன்சர், அதாவது வரும் கோரிக்கைகளை வெப் சர்வர்களுக்குப் பகிர்ந்து அனுப்பும் இயந்திரம்; அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்தான் ஹெச்ஏபிராக்ஸி. 11, 12 என முடிபவை வெப் சர்வர்கள். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன்; தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: வெப் சர்வர்கள் இரண்டிலும் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்ஜின்எக்ஸ்'. என்ஜின்எக்ஸ்தான் பக்கங்களைத் தரும் வெப் சர்வர் மென்பொருள்; எழுத்துகள் என், ஜி, ஐ, என், எக்ஸ். முகப்புப் பக்கத்தில் 11-இல் 'முதல்வன்', 12-இல் 'இளையவன்' என்று எழுதிவையுங்கள். யார் பதில் சொல்கிறார் என்று தெரிய வேண்டுமே!

படி 2: பத்தாம் எண் இயந்திரத்தில் ஹெச்ஏபிராக்ஸியை அதே முறையில் நிறுவுங்கள். இடிசி கோப்புறைக்குள் அதன் பெயரிலேயே ஒரு கோப்புறை இருக்கும். அங்குள்ள சிஎஃப்ஜி கோப்பின் கடைசியில் இதைச் சேருங்கள்:

ஃப்ரன்ட்எண்ட் வாசல்
  பைண்ட் *:80
  டிஃபால்ட்_பேக்எண்ட் பந்தி

பேக்எண்ட் பந்தி
  பேலன்ஸ் ரவுண்ட்ராபின்
  சர்வர் வெப்1 192.168.1.11:80 செக்
  சர்வர் வெப்2 192.168.1.12:80 செக்

வாசலில் நின்று ஆட்களைப் பந்திக்கு அனுப்புகிறவர்தான் லோடு பேலன்சர். ரவுண்ட்ராபின் என்றால் ஆளுக்கு ஒருமுறை, மாற்றி மாற்றி.

வரியின் கடைசியில் இருக்கும் 'செக்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். முதன்முதலில் நான் விட்டுவிட்டேன். ஒரு சர்வர் படுத்துவிட்டது. ஹெச்ஏபிராக்ஸியோ அதற்கும் ஆளை அனுப்பிக்கொண்டே இருந்தது. ஒருமுறை பக்கம் வரும், மறுமுறை 503, அதாவது 'சேவை கிடைக்கவில்லை' என்ற பிழை. ஃபயர்வாலைச் சந்தேகித்து ஒரு மாலை முழுவதும் வீணாயிற்று. 'செக்' இல்லாவிட்டால் சர்வர் எப்போதும் உயிரோடு இருப்பதாகவே அது எண்ணிக்கொள்ளும்.

'செக்' தனியாக இருந்தால் கதவு திறந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். இலையில் சோறு விழுகிறதா என்றும் பார்க்க, பேலன்ஸ் வரிக்குக் கீழே 'ஆப்ஷன் ஹெச்டிடிபிசிஹெச்கே கெட் /' என்று எழுதுங்கள். 'கெட் /' முக்கியம். அது இல்லையென்றால் ஹெச்ஏபிராக்ஸி 'ஆப்ஷன்ஸ்' என்ற முறையில் கேட்கும். சாதாரணப் பக்கங்களுக்கு என்ஜின்எக்ஸ் அதை 405 ('இந்த முறைக்கு அனுமதி இல்லை') என்று மறுக்கும். நல்ல சர்வர்கள் இரண்டுமே செத்ததாகக் கணக்காகிவிடும்.

படி 3: 'சூடோ ஹெச்ஏபிராக்ஸி -சி -எஃப்' கொடுத்து, கோப்பின் முழுப் பாதையையும் சேர்த்தால் எழுத்துப்பிழை எந்த வரியில் என்று சொல்லிவிடும். பிழை இல்லையென்றால் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீலோட் ஹெச்ஏபிராக்ஸி'. ரீஸ்டார்ட் வேண்டாம், நடந்துகொண்டிருக்கும் இணைப்புகள் அறுந்துவிடும்.

படி 4: பக்கத்தைக் கேட்டு வாங்கிக் காட்டும் கட்டளை கர்ல். 'கர்ல் 192.168.1.10' என்று நாலைந்து முறை தட்டுங்கள். முதல்வன், இளையவன், முதல்வன்... பிரவுசரில் சோதிக்காதீர்கள். அது பக்கத்தின் சின்னத்தையும் தனியாகக் கேட்டு முறையைக் குழப்பக்கூடும்.

இனி 11-இல் என்ஜின்எக்ஸை நிறுத்துங்கள். இயல்பு அமைப்பில் 2 நொடிக்கு ஒரு சோதனை. தொடர்ந்து 3 தோல்வி என்றால் முதல்வன் வரிசையிலிருந்து விலக்கப்படுவான். அதன்பின் கர்லுக்கு இளையவன் மட்டுமே பதில் தருவான். மறுபடி இயக்குங்கள், தொடர்ந்து 2 சோதனையில் தேறினால் முதல்வன் திரும்பிவிடுவான்.

பத்தாம் எண்ணே விழுந்தால்? எல்லாமே விழும். அதற்கு இன்னொரு ஹெச்ஏபிராக்ஸியும், இரண்டுக்கும் பொதுவான ஒரு ஐபி முகவரியைப் பார்த்துக்கொள்ள கீப்அலைவ்ட் என்ற மென்பொருளும் வேண்டும். முதலில் இந்த மூன்றையும் ஓடவிடுங்கள்.