திருப்பிச் சொல்வதில் நேரும் தவறுகள்

எதிரில் இருப்பவர் சொன்னதன் சாரத்தை நம் சொற்களில் அவரிடமே திருப்பிச் சொல்வது, ஒருவர் தம் சிக்கலைப் பேசித் தாமே தெளிவடையத் துணைநிற்கும் கோச்சிங் பணிக்கான பயிற்சியில் தொடக்கத்திலேயே கற்றுத்தரப்படும் திறன். கற்பதற்கு எளிது என்பதாலேயே அது விரைவில் சடங்காகிவிடுகிறது. இந்த வழக்கத்தின் வேர் எனக் கருதப்படும் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸே, தம் அணுகுமுறை வெறும் உத்தியாகச் சுருங்கிப்போனதை எண்ணி வருந்தியவர். தாம் செய்வது உணர்வுகளைப் பிரதிபலிப்பது அன்று, தமது புரிதல் சரிதானா என்று பேசுபவரிடமே சோதித்துப் பார்ப்பது என 1986இல் ஒரு கட்டுரையில் அவர் விளக்கினார். இதை மறப்பதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

புதிதாகக் குழுத் தலைவராக உயர்ந்த ஒரு மென்பொருள் பொறியாளர், "மீட்டிங்கில் நான் சொல்வதை யாரும் மறுப்பதில்லை, ஆனால் வேலை மட்டும் நடப்பதில்லை" என்கிறார் என்று கொள்வோம். "யாரும் மறுப்பதில்லை, ஆனால் வேலை நடப்பதில்லை, அப்படித்தானே?" என்று கோச் ஒப்பித்தால் உரையாடல் ஓர் அடிகூட நகராது. 1966இல் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய எலைசா என்ற கணினி நிரல், தட்டச்சு செய்த வாக்கியத்தில் 'நான்' என்பதை 'நீங்கள்' என்று மாற்றித் திருப்பியனுப்பியே பலரையும் பேசவைத்தது. அதற்குப் புரிதல் எதுவும் தேவைப்படவில்லை.

ஒப்பித்தலுக்கு அஞ்சி எதிர்த்திசையில் ஓடுவது அதைவிட ஆபத்தானது. "அதிகாரம் செலுத்த உங்களுக்குத் தயக்கம் இருக்கிறது" என்பது அவர் சொல்லாத ஒன்றை அவர்மீது ஏற்றும் தீர்ப்பு. "அப்படியானால் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசலாம் என்று நினைக்கிறீர்கள்" என்பதோ புரிதலின் வேடமிட்ட அறிவுரை. மாறாக, "வெளிப்படையான எதிர்ப்பு இல்லாததால், தடை எங்கே என்று பிடிபடவில்லை போலிருக்கிறது" என்றால், அவர் சொன்னதை ஒட்டியே நின்று, சொல்லாமல் விட்ட அடுத்த வரியை ஊகித்து, அதை மறுக்கும் உரிமையையும் அவரிடமே விட்டுவிடுகிறோம்.

அந்த உரிமைதான் நம் சூழலில் எளிதில் பறிபோகிறது. கோச் வயதில் மூத்தவராகவோ நிறுவனம் அமர்த்தியவராகவோ இருந்தால், தவறான ஊகத்துக்கும் "ஆமாம் சார்" என்ற பதிலே வரும். அந்த ஆமாமை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சரியாகப் பிடித்திருந்தால் அவர் நிறுத்தாமல் புதிய விவரம் ஒன்றைச் சொல்வார்; மரியாதைக்காகத் தலையாட்டியிருந்தால் மௌனமாவார், அல்லது முதலில் சொன்னதையே வேறு சொற்களில் மறுபடி தொடங்குவார். அப்போது, "நான் சரியாகப் பிடிக்கவில்லை, நீங்களே சொல்லுங்கள்" என்று பின்வாங்குவதில் கோச்சுக்கு எந்தக் குறைவும் இல்லை.

உணர்வின் அளவிலும் கவனம் வேண்டும். எரிச்சல் என்று படுவதைக் கோபம் என்று பெரிதாக்கினால், "அவ்வளவெல்லாம் இல்லை" என்று அவர் பின்வாங்கிவிடுவார், சற்றுக் குறைத்துச் சொன்னால், "எரிச்சல் மட்டுமா?" என்று தாமே மேலே போவார். வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த, மாறுவதற்கான உந்துதலை ஒருவரிடமிருந்தே பேச்சின் வழி வெளிக்கொணரும் 'ஊக்கமூட்டும் நேர்காணல்' (motivational interviewing) முறையில் இது அடிப்படைப் பாடம். இரண்டு மனமாக இருப்பவரிடம் எதைக் கடைசியில் சொல்கிறோம் என்பதும் அங்கே முக்கியம். "மாற்றிப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறது, ஆனால் நேரமில்லை" என்று திருப்பிச் சொன்னால் பேச்சு நேரமின்மையைப் பற்றியே தொடரும். வரிசையை மாற்றி, "நேரமில்லை, ஆனாலும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறது" என்றால் மாற்றத்தின் பக்கம் திரும்ப வாய்ப்பு அதிகம்.

அந்த முறையின் மதிப்பீட்டு அளவுகோலில், ஒரு கேள்விக்கு இரண்டு திருப்பிச் சொல்லல்கள் இருப்பது நல்ல தேர்ச்சியாகக் கொள்ளப்படுகிறது. பதிவைக் கேட்டுத் தன்னைத்தானே சோதிப்பவருக்கு இது பயன்படும். பேசும்போதே எண்ணிக்கொண்டிருந்தால் காது எண்ணிக்கைக்குப் போய்விடும்.

அமர்வின் முடிவில் கோச்சே நீளமாகத் தொகுத்துரைக்கும் வழக்கத்தையும் குறைத்துக்கொள்ளலாம். இன்று எது தெளிவாயிற்று என்று பேச வந்தவரையே சொல்லச் சொல்லி, விட்டுப்போனது ஏதேனும் இருந்தால் மட்டும் ஒரு வரி சேர்த்தால் போதும்.