காரும் இருக்கு, லைசென்சும் இருக்கு: வீட்டுக்காரம்மா கார் எடுக்க ஆக வேண்டியவை

கொங்கு நாட்டில் பெண்கள் வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் அல்ல. திருப்பூரில் கம்பெனி விடும் நேரத்தில் ரோட்டோரம் நின்று பார்த்தாலே தெரியும், ஸ்கூட்டர்களில் வரிசையாகப் பெண்கள்தான். எக்ஸ்எல்லில் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவர்களும் உண்டு. ஆனால் வாசலில் நிற்கும் காரின் சாவி மட்டும் வீட்டுக்காரர் கையை விட்டு நகராது. ஊரைவிட்டுத் தள்ளி, தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) குடியிருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய குறை. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான். ஆனால் அந்தப் பஸ் இட்டேரிக்குள், அதாவது தோட்டங்களுக்கு நடுவே போகும் குறுகிய வண்டிப் பாதைக்குள், வராது. ராத்திரியில் வீட்டுக்காரருக்கே உடம்புக்கு முடியாமல் போனால் காரை எடுக்க ஆள் இல்லை.

பயம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பல வீடுகளில் காரணம் அதைவிடச் சாதாரணமானது. லைசென்ஸ் வாங்கிய பிறகும், இருவரும் சேர்ந்து கிளம்பினால் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார். தனியாகப் போகிற வேலைக்கு ஸ்கூட்டர் போதும். ஆறு மாதத்தில் காலுக்கு கிளட்ச் மறந்துவிடுகிறது. அதனால் ஓட்டக் கற்பதோடு, கற்றது மறக்காமல் இருக்க வீட்டில் ஒரு ஏற்பாடும் வேண்டும்.

காகித வேலையை முதலில் முடித்துவிடுங்கள். ஸ்கூட்டர் லைசென்ஸ் காருக்குச் செல்லாது. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் அதே லைசென்சில் கார் வகையைச் சேர்க்க விண்ணப்பிக்கலாம், அதற்கும் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வேண்டும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பிறகே டெஸ்ட்டுக்குப் போக முடியும். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு டாக்டர் கையெழுத்துடன் படிவம் 1ஏ தேவை. பழகும் வண்டியில் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' பலகை இருக்க வேண்டும், பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். அப்படி ஓட்டக் கொடுத்த வண்டிச் சொந்தக்காரருக்கும் தனி அபராதம் உண்டு.

டிரைவிங் ஸ்கூலில் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். வண்டி நிற்கப் போகும்போது அவரே கிளட்ச்சை மிதித்துவிடுவார். நமக்கு வந்துவிட்டது என்று தோன்றும். வீட்டு வண்டியில் உட்கார்ந்தால் கிளப்புகிற இடத்திலேயே ஆஃப் ஆகும். அதனால் கடைசி நாலைந்து வகுப்பில், "காலைப் பின்னால எடுத்து வெச்சுக்குங்க, நானே ஓட்டறனுங்க" என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

வீட்டு வண்டியில் முதல் வேலை சீட்டு. அது வீட்டுக்காரர் உயரத்துக்கு வைத்தது. கிளட்ச்சை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும்படி முன்னால் தள்ளுங்கள். ஸ்டீயரிங் நடுவுக்கும் நெஞ்சுக்கும் 25 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும், ஏர்பேக் விரிய அது தேவை. உயரம் போதவில்லை என்றால் சீட்டு உயர்த்தும் லிவரைப் பாருங்கள். மெத்தென்ற தலையணை வேண்டாம், பிரேக் போடும்போது நழுவும். கண்ணாடிகளையும் மாற்றியாக வேண்டும். அடுத்த நாள் அவர் தன் அளவுக்குத் திருப்பிக்கொள்வார். அதற்கு முகம் சுளிக்கக் கூடாது.

கிளட்ச் பழக மட்டமான களம் போதும். கிளட்ச்சை முழுதாக மிதித்து முதல் கியர் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். வலது கால் ஆக்சிலரேட்டர் பக்கமே போகக் கூடாது. கிளட்ச்சை அங்குலம் அங்குலமாக மேலே விட்டால் ஓரிடத்தில் இஞ்சின் சத்தம் தாழும், வண்டி லேசாகச் சிலிர்க்கும். பாதத்தை அங்கேயே மூன்று விநாடி நிறுத்துங்கள். வண்டி தானாக ஊரும். உடனே கிளட்ச், பிரேக் இரண்டையும் மிதித்து நிறுத்துங்கள். இதை ஒரு நாளைக்கு இருபது தடவை செய்தால் பாதம் அந்த இடத்தைத் தானாகக் கண்டுகொள்ளும். வண்டி குதித்து ஆஃப் ஆனால், அந்த இடம் வந்ததும் காலைச் சட்டென்று எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஸ்கூட்டர்காரர்களுக்கு இன்னொரு பழக்கம் குறுக்கே வரும்: பிரேக் மட்டும் பிடித்து நிற்பது. கியர் காரில் கிளட்ச் மிதிக்காமல் நின்றால் இஞ்சின் நின்றுவிடும். ஆட்டோமேட்டிக் வாங்கினால் இந்தப் பாடு இல்லை. இடது காலை மட்டும் பெடல் பக்கமே கொண்டு போகக் கூடாது.

இடது பக்கச் சக்கரம் எங்கே ஓடுகிறது என்று தெரியாததுதான் புதியவர்களின் பெரிய குழப்பம். பழைய சொட்டுநீர்க் குழாய் பத்தடி எடுத்துத் தரையில் நேராகப் போட்டு, இடது முன்சக்கரத்தை அதன் மேலேயே ஓட்டிப் பாருங்கள். குழாய் நசுங்கும்போது, உங்கள் கண்ணுக்கு அது பானெட்டின் எந்த இடத்தில் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் இனி இடது சக்கரத்துக்கு அடையாளம். பிறகு இரண்டு 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களை, காரின் இரு பக்கமும் ஓரடி விட்டு வைத்து நடுவே போய் வாருங்கள். முன்னால் போவதற்குச் சமமாக ரிவர்சும் பழகுங்கள். இட்டேரியில் எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும்.

இனி வீட்டுக்காரருக்கு. பக்கத்து சீட்டில் அவர் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும், கை டேஷ்போர்டைப் பிடிக்கும், வாய் "பார்த்து, பார்த்து!" என்னும். எதைப் பார்ப்பது என்று அதில் தகவலே இல்லை. ஓட்டுபவர் பதறி கிளட்ச்சுக்குப் பதில் பிரேக்கை மிதிப்பார். கிளம்பும் முன்பே மூன்று சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: "மெதுவா", "நிறுத்து", "இடது". வேறெதுவும் வேண்டாம். தப்பைப் பற்றிய பேச்செல்லாம் இஞ்சினை ஆஃப் செய்த பிறகுதான். ஸ்டீயரிங்கைப் பிடுங்கவே கூடாது. வீட்டு வண்டியில் அவருக்கு இருப்பது ஹேண்ட்பிரேக் மட்டும். காலியான களத்தில், மெதுவாகப் போகும்போது பொத்தானை அழுத்தியபடி சீராக இழுத்து நிறுத்த அவரும் பழக வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் வழுக்கும். இரண்டாம் நாளே சண்டை வருகிறதா? ஸ்கூல் மாஸ்டரையே உங்கள் காரில் ஐந்தாறு வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

ஓட்டம் வந்த பிறகு வாரம் இரண்டு வேலையை மனைவி பெயருக்கே எழுதிவிடுங்கள்: வாரச்சந்தை, பிள்ளையின் டியூஷன், பிறந்த வீடு, எதுவானாலும். அதில் ஒன்றாவது தனியாக. சேர்ந்து போகும் நாளில் போகும்போது ஒருவர், வரும்போது மற்றவர். குழந்தைகளுக்கு முன்னால் "அம்மா ஓட்டுனா வேண்டாம்" என்ற பேச்சை ஒருவரும் எடுக்கக் கூடாது. ராத்திரி ஓட்டத்தைக் கொஞ்சம் தள்ளியே தொடங்குங்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் வரும். எதிர் லாரி வெளிச்சம் கண்ணைக் கூசினால் வேகத்தைக் குறைத்து இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பாருங்கள்.

மேட்டில் நின்று கிளப்ப: ஹேண்ட்பிரேக் போட்டபடி முதல் கியர், லேசாக ஆக்சிலரேட்டர், கிளட்ச்சை விட்டு பானெட் மூக்கு எழும்போது ஹேண்ட்பிரேக்கை விடுவது. இதை ரயில்வே மேம்பாலத்தில் பயமில்லாமல் செய்ய வந்த பிறகுதான் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் வால்பாறை மலைப்பாதையின் 40 வளைவுகளும். கருகிய வாசனை வந்தால் அரைக் கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்திருக்கிறீர்கள். ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள். ஏறும் வண்டிக்குத்தான் வழி. இறங்கும்போது எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியர்.

கணவருக்கு ஓட்டத் தெரியாமல் மனைவி ஓட்டும் வீடுகளும் உண்டு. அங்கே சில கணவர்கள் வெட்கத்தில் காரணத்தை மறைப்பார்கள்: பார்வைக் குறைவு, வலிப்பு, பழைய விபத்து. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் "ஆம்பளைக்கு இதுகூடத் தெரியாதா" என்று கிளப்பிவிடுவது ஆபத்து. வலிப்பு உள்ளவரை ஸ்டீயரிங்கில் உட்கார வைக்கவே கூடாது. காற்று பார்ப்பது, ஃபாஸ்டேக்கில் பணம் போடுவது, வழி சொல்வது எல்லாம் அவர் வேலையாக இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் தாளையும் ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, ஆர்.சி.யில் பெயர் உள்ள சொந்தக்காரருக்கு மட்டும். கார் கணவர் பெயரில் இருந்து, ஓட்டுவது மனைவி என்றால் அது மனைவிக்குப் பொருந்தாது. பாலிசி புதுப்பிக்கும்போது மனைவிக்கும் சேர்த்து விபத்துக் காப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.